நாற்பத்திரண்டுக்குக் கீழே ஒரு கோடு

அத்தியாயம் 6

"நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க மேடம். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்" என்றார் பரந்தாமன். சொல்லும்போதே தன் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று நாற்பது.

டில்லிபாபுவும் கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் தன் வயிற்றைப் பார்த்தான். மேனாம்பேட்டில் கஸ்தூரியின் மாடி ஆபீஸில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து முதல் கவளத்தை வாய்க்கருகே கொண்டுபோன நேரத்தில்தான் போன் வந்தது. கவளம் அப்படியே பொட்டலத்துக்குத் திரும்பியது. "பைக்கை எடு" என்று சொல்லிவிட்டாள் கஸ்தூரி. அந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு கேஸ் கிடைத்துவிட்டால் போதும், பசி, தாகம், சிக்னல் எதுவுமே கண்ணில் படாது.

கஸ்தூரிக்கு ஐம்பது வயது. பன்னிரண்டு வருஷம் ஒரு டிசைன் ஆபீஸில் மற்றவர்கள் வரைந்த டிராயிங்குகளில் தப்பு கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போடும் வேலை பார்த்தவள். ஒருநாள் அது அலுத்துப்போய், மனிதர்களிடம் தப்பு கண்டுபிடிக்கத் துப்பறியும் கடை திறந்தாள். டில்லிபாபு அவளுடைய உதவியாளன். அதற்கு முன் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். வண்டி ஓட்டுவது, ஆள் பின்னால் போவது, வாய் பேசுவது மூன்றும் அவன் இலாகா. மூன்றாவதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. இருந்தும் அதைத்தான் அதிகமாகச் செய்வான்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றாள் கஸ்தூரி.

பரந்தாமன் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய டூல்ஸ் கம்பெனிக்கு முப்பது வயது. தகடு வெட்டும் அச்சுகள் செய்து கொடுப்பது தொழில். ஒரு பெரிய கஸ்டமருக்குச் செய்த அச்சில் இரண்டு துளைகளுக்கு இடையே நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாற்பதுதான் இருக்கிறது. நேற்று அச்சு திரும்பி வந்துவிட்டது.

"டிராயிங் போடறது சுரேகாதான். ரெண்டு வாரம் முன்னாடி, வியாழக்கிழமை லீவு போட்டாங்க. வெள்ளிக்கிழமை ராஜினாமா. இன்னைக்குக் கடைசி நாள், நாளைக்கு வேற கம்பெனில சேர்றாங்க. போறதுக்கு முன்னாடி எனக்குக் குழி வெட்டிட்டுப் போறாங்க. காலையில கீழ ஷெட்ல எல்லாரையும் நிக்க வெச்சே கேட்டுட்டேன். ரிலீவிங் லெட்டர் கிடையாதுன்னும் சொல்லிட்டேன்."

"எல்லாரையும்னா?"

"இருபத்தாறு பேர்." அவர் மேஜைமேல் இருந்த மூடிய லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார். "போலீஸ் கம்ப்ளெயின்ட் கூட ரெடி. டைப் அடிக்க வெளியாளுங்க யார்கிட்டயும் குடுக்கல. நானே உக்காந்து ஒத்த விரலால தட்டினேன். மத்தபடி கம்ப்யூட்டர்லாம் நமக்கு ஒத்துவராது மேடம். நான் போர்டுல பேப்பர் குத்தி வரைஞ்சு படிச்ச ஆளு."

"நானும்தான்" என்றாள் கஸ்தூரி, சும்மா.

அடுத்த அறையில் சுரேகா உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். அழுது முடித்து முகம் கழுவி, இனி அழுவதில்லை என்று முடிவு செய்துவிட்ட முகம். அவளுக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை: 'மாஸ்டர் டிராயிங்கை சுரேகா தவிர யாரும் தொடக் கூடாது. நிர்வாகம்.' அவளுக்கு முன்னால், மானிட்டரின் ஓரத்தில், ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் அவளுடைய லாகின் பெயரும் பாஸ்வேர்டும் முத்து முத்தான கையெழுத்தில்.

டில்லி அதை உரக்கப் படித்தான். "நல்லாக்கீதே! ஊட்டுக்குப் பூட்டு போட்டுட்டு, பூட்டுலயே சாவியத் தொங்கவுட்ட மாதிரி."

"ஒரே லாகின்தான் வாங்கியிருக்காங்க. என் பேர்ல" என்றாள் சுரேகா. "சார், அசோக், பில் போடறவங்க, எல்லாரும் இதுலதான் உள்ள வருவாங்க. ஆளுக்கு ஒண்ணு வாங்குங்கன்னு மூணு தடவை சொன்னேன்."

"இப்ப அது ஒரு சாக்கு" என்றார் பரந்தாமன்.

கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிளவுடில் இருந்த டிராயிங்கைத் திறந்து, அதில் யார் எப்போது கை வைத்தார்கள் என்று காட்டும் பட்டியலை எடுத்தாள். அந்த வாரத்தில் ஒரே ஒரு வரி. வியாழக்கிழமை, காலை 11.40. மாற்றியவர்: சுரேகா.

"பாத்தீங்களா?" பரந்தாமன் விரலை ஆட்டினார். "புதன்கிழமையே நாப்பத்திரண்டுன்னு ஆயாச்சு. மறுநாள் இவங்க உள்ள போய்க் கோட்டை மட்டும் நாப்பதுக்கு இழுத்துட்டு, நம்பரை அப்படியே விட்டுட்டாங்க. பிரின்ட்ல பாத்தா நாப்பத்திரண்டு. உள்ள நாப்பது. எவனுக்குத் தெரியும்?"

"நாப்பத்திரண்டுன்னே எனக்குத் தெரியாது சார்! நேத்து அச்சு திரும்பி வந்தப்பதான் அந்த நம்பரையே நான் பாக்கறேன்."

"பொய்."

கஸ்தூரி இருவரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையில் அந்த 42 என்ற எண்ணின் மேல் கிளிக் செய்தாள். ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி விரிந்தது.

"டில்லி, இங்க பாரு. கோடு எவ்வளவு நீளம்னு கம்ப்யூட்டரே அளந்து நம்பரைப் போடும். கோட்டை நகத்தினா நம்பர் தானா மாறும். ஆனா அந்த நம்பர் மேல நாம கையால வேற எதையாவது அடிச்சா, அதையும் வாய மூடிக்கினு ஏத்துக்கும். இங்க அளந்தது நாப்பது. மேல கையால அடிச்சது நாப்பத்திரண்டு."

"அப்போ கோட்ட யாரும் இழுக்கல. நம்பர் மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்கோ."

"அதே. அடிச்சவங்க கீழ ஒரு கோடு வேற போட்டிருக்காங்க."

ஆமாம், 42க்குக் கீழே சின்னதாக, அழகாக ஒரு கோடு. டில்லிக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. கஸ்தூரி மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுரேகா, அந்த வியாழக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு நீங்க எங்க?"

சுரேகாவின் கை விரல்கள் துப்பட்டாவைத் திருகின.

"அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம்" என்றார் பரந்தாமன். "அவங்க அம்மா அன்னைக்கு இங்க போன் பண்ணி, பொண்ணு சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க."

கஸ்தூரி எழுந்துவிட்டாள். "இந்த டிராயிங்கை வெச்சு மிஷின்ல வெட்டினது யாரு?"

"அசோக். நம்ம ரெண்டாவது ஷெட்டு. இருங்க, வழி போட்டுத் தரேன்." பரந்தாமன் ஒரு பழைய சலானைத் திருப்பி, நாலே கோட்டில் வரைபடம் போட்டு, தூரத்தை எழுதிக் கொடுத்தார். டில்லி அதை வாங்கிச் சட்டைப் பையில் செருகினான்.

மாடிப்படியில் பின்னாலேயே ஓடி வந்தாள் சுரேகா. மூச்சு வாங்கியது.

"மேடம், அன்னைக்கு நான் இன்டர்வியூவில இருந்தேன். அயப்பாக்கத்துல. அதை இங்க சொன்னா, அப்பவே பிளான் பண்ணிட்டேன்னு ஆயிடும். அதான் சொல்லல." கைப்பையைத் துழாவி ஒரு கேட் பாஸை எடுத்தாள். உள்ளே 11.05, வெளியே 12.25. "போனைக் கூட கேட்லயே வாங்கி வெச்சுட்டாங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு லெட்டரோட போகலன்னா அந்த வேலை இல்ல மேடம். இந்தக் கேஸ் வேற விழுந்தா எந்த வேலையும் இல்ல. அம்பத்தூர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

"உள்ள போய் உக்காருங்க. கம்ப்யூட்டர்ல எதையும் தொடாதீங்க" என்றாள் கஸ்தூரி. மணி இரண்டு பத்து.

பைக் கேட்டுக்குள் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி இரும்புப் பாளம் இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநரோ சாப்பிடப் போயிருந்தான். காத்திருக்க கஸ்தூரிக்குப் பொறுமை ஏது? நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வலது பக்கம் கிரைண்டிங் சத்தம், இடது பக்கம் பெயின்ட் நாற்றம், எதிரே ஹாரன். டில்லி வரைபடத்தை எடுத்துப் பார்த்தான், வேர்வையைத் துடைத்தான், மறுபடி பார்த்தான்.

"இன்னா மேடம் இந்த ஆளு! படத்துல சுண்டு வெரல் நீளம்கூட இல்ல. நடந்தா நாக்கு தள்ளுது. முந்நூறு மீட்டராம். போட்டு, கீழ கோடு வேற இழுத்துக்கீறாரு, கையெழுத்து மாதிரி."

கஸ்தூரி சட்டென்று நின்றாள். பின்னால் வந்த டிவிஎஸ்காரன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அவள் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். "பத்திரமா வெச்சுக்கோ."

"இதையா?"

"இதைத்தான்."

டில்லிக்கு உள்ளே நமநமவென்று இருந்தது. இந்த அம்மா எதையோ பிடித்துவிட்டாள், சொல்ல மாட்டேன் என்கிறாள். இது என்ன வழக்கமோ!

இரண்டாவது ஷெட்டில் அசோக் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, தாடியோடு, கண்ணில் தூக்கம். சுரேகா போனால் அவளுடைய நாற்காலி அவனுக்குத்தான் என்று வாசலிலேயே காவல்காரர் சொல்லிவிட்டார். டில்லிக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா மச்சான், அந்தப் பொண்ணு சீட்டு ஜில்லுனு ஏசி ரூம்ல கீதாமே? பாஸ்வேர்டும் தெரியும். வியாழக்கிழமை உள்ள போயி ஒரு தட்டு தட்டிட்டியா?"

அசோக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணாத்தே, ஃபைல்ல கீற கோட்டத்தான் நான் மிஷினுக்குக் குடுப்பேன். நம்பர மிஷின் படிக்காது, நானும் படிக்க மாட்டேன். தப்பா வெட்டினா மொத ஒதை எனக்குத்தான். எனக்கு நானே எதுக்கு ஆப்பு வெச்சுக்கணும்? சுரேகாக்கா அப்டி செய்யறவங்களும் இல்ல."

"இந்தப் பிரின்ட்ல கோடு போட்ட நாப்பத்திரண்டைப் பாத்தீங்களா?" கஸ்தூரி சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள்.

"நேத்துதான் பாத்தேன் மேடம். முக்கியம்னு யாரோ கோடு போட்டுக்கீறாங்கன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு வயசு?"

"இருபத்தாறு."

"போர்டுல வரைஞ்சிருக்கீங்களா?"

"கேரம் போர்டு கூட ஆடினதில்ல."

கஸ்தூரி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். "கடைசியா ஒண்ணு. அந்தப் புதன்கிழமை உங்க முதலாளி எங்க இருந்தாரு?"

"கஸ்டமர் பிளான்ட்டுல, ஒரகடம் பக்கம். உள்ள போனா போன வாங்கி வெச்சுக்குவாங்க, நெட்டும் கெடையாது. மறுநாள் பதினொண்ணரைக்குத்தான் ஆபீசுக்கே வந்தாரு. வந்ததும் சுரேகாக்காவத்தான் கேட்டாரு. போன் போட்டாரு, சுவிட்ச் ஆஃப்."

திரும்பி வரும்போது டில்லி ஓட வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாக நடந்தாள் கஸ்தூரி.

மணி மூன்று இருபத்தைந்து. பரந்தாமன் சட்டையை மாற்றி, கம்ப்ளெயின்ட்டை பிரின்ட் எடுத்து, உறையில் போட்டுத் தயாராக நின்றார்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு." கஸ்தூரி சுரேகாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். "இந்தக் கம்ப்ளெயின்ட்டை எதுல அடிச்சீங்க சார்?"

"என் லேப்டாப்லதான். ஆபீஸ் ஃபோல்டர்ல கெடக்கும்."

கஸ்தூரி ஃபோல்டரைத் திறந்து அந்தக் கோப்பின் பட்டியலை எடுத்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். இன்று காலை 10.50. எழுதியவர்: சுரேகா.

டில்லி கைதட்டிவிட்டான். "அடேங்கப்பா! சுரேகா மேல சுரேகாவே போலீஸ் கம்ப்ளெயின்ட்டு எழுதிக்கீறாங்கோ! இன்னா ஒரு நேர்மை!"

பரந்தாமன் திரையைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

"உங்க லேப்டாப்பும் அந்த ஸ்டிக்கர் லாகின்லதான் ஓடுது" என்றாள் கஸ்தூரி. "நீங்க என்ன செஞ்சாலும் இவங்க பேர்லதான் பதியும். சரி, ரெண்டாவது கேள்வி. புதன்கிழமையே நாப்பத்திரண்டுன்னு ஆயாச்சுன்னு சொன்னீங்க. வியாழக்கிழமை யாரோ கெடுத்தாங்கன்னீங்க. அப்போ பட்டியல்ல ரெண்டு வரி இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு. புதன்கிழமை வரி எங்க?"

பரந்தாமன் திரையில் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தேடினார்.

"இல்ல சார். ஏன்னா, கெடுத்தது தனியா ஒண்ணு இல்ல. நெட் இல்லாத இடத்துல மாத்தினா, அந்த மாத்தம் லேப்டாப்லயே தூங்கும். மறுநாள் ஆபீஸ் வைஃபை கெடைச்சதும் கிளவுடுக்கு ஏறும். பட்டியல் காட்டறது ஏறின நேரம். செஞ்ச நேரம் இல்ல. புதன்கிழமை திருத்தமும் வியாழக்கிழமை குத்தமும் ஒரே வரிதான். டில்லி, அந்த மேப்."

டில்லி சலானை எடுத்து டிராயிங்குக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. 300க்குக் கீழே ஒரு கோடு. 42க்குக் கீழே ஒரு கோடு.

"படம் அளவுப்படி இல்ல, நம்பரை மட்டும் நம்புன்னு அர்த்தம்" என்றாள் கஸ்தூரி. "போர்டுல படிச்சவங்களுக்கு வாத்தியார் முட்டியில தட்டிச் சொல்லிக் குடுத்தது. எனக்கும்தான். இந்த ஆபீஸ்ல போர்டுல படிச்சவர் ஒருத்தர்தான் இருக்காரு."

பரந்தாமன் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"திடீர்னு நாப்பத்திரண்டு பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க மேடம். போன் இல்ல. லேப்டாப்ல ஃபைல் இருந்துச்சு. நம்பரை மாத்தி, முறைப்படி கோடும் போட்டேன். அந்தக் காலத்துல அந்தக் கோட்டைப் பாத்தாலே லேத்துல நிக்கற கடைசல்காரனுக்குக்கூடப் புரிஞ்சுடும்."

"மனுஷனுக்குப் புரியும். மிஷின் கோட்டைத்தான் தொடும் சார்."

"சுரேகாகிட்ட சொல்லத்தான் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அப்புறம்..." அவர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். "மாஸ்டர யாரும் தொடக் கூடாதுன்னு நானே மாட்டிட்டு, நானே தொட்டேன்னு எப்படிச் சொல்றது? சரியாத்தானே மாத்தியிருக்கோம்னு விட்டுட்டேன். சத்தியமா நான் கெடுத்தேன்னு எனக்குத் தெரியாது. எவனோ எனக்கப்புறம் கெடுத்தான்னுதான் நெனச்சேன்."

"எவனோ இல்ல சார். என்னைத்தான் நெனச்சீங்க" என்றாள் சுரேகா.

அவர் உறையைக் கிழித்தார். லெட்டர்பேடை எடுத்து, கையாலேயே எழுத ஆரம்பித்தார். நான்கு வருஷ வேலை, நல்ல நடத்தை, சொந்த விருப்பத்தின் பேரில் விலகல். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். டில்லி எட்டிப் பார்த்தான். நல்லவேளை, நான்கு வருஷத்துக்குக் கீழே கோடு இல்லை.

சுரேகா வாங்கிப் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். நகரவில்லை.

"லெட்டர் சரி சார். காலைல கீழ வெச்சுச் சொன்னீங்களே, இருபத்தாறு பேருக்கு முன்னாடி. அதைக் கீழ வெச்சே திருப்பி வாங்கிக்கோங்க."

பரந்தாமன் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி ஜன்னலைப் பார்த்தாள். டில்லியைப் பார்த்தார். டில்லி, எதுக்கும் இருக்கட்டும் என்று, கதவைத் திறந்து பிடித்தான்.

அவர் இறங்கினார். கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு மிஷினாக ஓய்ந்தது. இரண்டாவது ஷெட்டிலிருந்து அசோக்கும் மற்றவர்களும் வந்து சேரும்வரை, வேர்த்து விறுவிறுத்து, காத்துக்கொண்டு நின்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"காலைல சுரேகாவைச் சொன்னது தப்பு. டிராயிங்ல கை வெச்சது நான். அச்சு கெட்டது என்னாலதான். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "மன்னிச்சுடும்மா."

அசோக் மேலே படியில் நின்ற சுரேகாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். டில்லி எதையோ விழுங்கிக்கொண்டான். புளிசாதம் இல்லை என்பது நிச்சயம், அதைத்தான் சாப்பிடவே இல்லையே.

சுரேகா அறைக்குத் திரும்பித் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையால் அடித்திருந்த நாற்பத்திரண்டை அழித்தாள். நாற்பது எட்டிப் பார்த்தது. துளையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினாள். எண் தானாகவே நாற்பத்திரண்டு ஆயிற்று. சேமிக்கும்போது, யார் கேட்டு, எந்தத் தேதியில், ஏன் மாற்றினோம் என்று குறிப்பிலும் இரண்டு வரி எழுதினாள். இதைச் செய்யச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை.

"அசோக் இதை வெச்சு மறுபடி வெட்டட்டும்" என்றாள், வாசலில் வந்து நின்ற பரந்தாமனிடம்.

பிறகு பாஸ்வேர்டை மாற்றினாள். மானிட்டர் ஓரத்திலிருந்து மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி உரித்தாள். நாலு வருஷப் பசை, லேசில் வரவில்லை. முழுசாக உரித்து, மடித்து, லெட்டரோடு பையில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குன்னு ஒரு லாகின் வாங்கிக்கோங்க சார். என் பேரை நான் எடுத்துட்டுப் போறேன்."